ஒட்டியதெல்லாம் ஆல்பம் ஆகுமா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு ஓசூரில் ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் நின்று பாருங்கள். கம்பெனி யூனிபார்மைக்கூட மாற்றாமல், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு அப்பா வருவார். "அண்ணே, தேசத் தலைவர்கள் சார்ட் ஒண்ணு, சுற்றுலாத் தலம் ஒண்ணு, ஜிகினா பேப்பர் ரெண்டு" என்பார். காலையில் பிள்ளை ஸ்கூலில் ஆல்பம் கொடுக்க வேண்டும். தலைப்பு "எங்கள் மாவட்டம்". பிள்ளை? அது அப்போதே தூங்கிப் போயிருக்கும்!

பதினொரு மணி வரை அம்மா வெட்டுவார், அப்பா ஒட்டுவார். விடியும்போது பக்கமெல்லாம் ஃபெவிக்கால் ஈரத்தில் சுருங்கி, பொரித்த அப்பளம் மாதிரி நிற்கும். உள்ளே தாஜ்மஹால் இருக்கும், மெரினா கடற்கரை இருக்கும், தஞ்சைப் பெரிய கோயில் இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும் இருக்காது. சார்ட்டில் இல்லை, அதனால் ஆல்பத்திலும் இல்லை.

சார்ட் அச்சடிக்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊர் ஊராக விற்கிறவர் ஒரே ஒரு மாவட்டத்துக்கென்று தனியாக அச்சடித்தால் அவருக்குக் கட்டுப்படியாகாது. அதை வெட்டி ஒட்டியதை ஆல்பம் என்று ஏற்றுக்கொண்டு, ஜிகினாவைப் பார்த்து மார்க் போடுகிறார்களே, அதுதான் தப்பு.

2012-13 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில் முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்தான். மனப்பாடம் செய்து கக்குவதை விட்டுவிட்டுப் பிள்ளைகள் செய்து கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். ஆனால் நடப்பது என்ன? செய்வது பெற்றோர், கற்பது யாருமில்லை.

ஒரு உதாரணம் போதும். தலைவர்கள் சார்ட்டில் கறுப்புக் கண்ணாடியோடு ராஜாஜி இருப்பார். பிள்ளைகள் அவரை வெட்டி ஒட்டி, கீழே "இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல்" என்று எழுதுவார்கள். அவர் 1878-ல் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிறந்த வீடு நினைவு இல்லமாக நிற்கிறது. டவுன் பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். ஆனால் எத்தனை ஆல்பத்தில் அந்த வீட்டு வாசலில் நின்று எடுத்த போட்டோ இருக்கிறது?

இதில் "ஒரே ராத்திரியில் முடிச்சாச்சு" என்று பெருமை வேறு. பி.காம் பாடம் என்ன சொல்கிறது? அடக்க விலை போடும்போது பொருளின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது, கூலியையும் சேர்க்க வேண்டும். ஷிப்ட் முடிந்து வந்தவரின் தூக்கம், அம்மாவின் இரண்டு மணி நேரம், எதையும் தெரிந்துகொள்ளாத பிள்ளை... எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இதைவிட நஷ்டமான தயாரிப்பு சிப்காட் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஒட்டுகிற வேலையைச் சுருக்க வழி எப்போதோ வந்துவிட்டது. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-லேயே, தண்ணீர் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் ஆல்பத்துக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் எதை ஒட்டுவது என்பதை எந்தப் பசையும் சொல்லித் தராது.

அதைத் தெரிந்துகொள்ளக் கோட்டையூர் ரோஜா முத்தையாவைப் பார்க்க வேண்டும். அவர் போர்டு எழுதும் கலைஞர். பழைய புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்தார். 1992-ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. ஊர்க் குப்பைதான் நாளைய சரித்திரம். கடையில் வாங்கிய சார்ட் நாளைக்கும் சார்ட்தான்.

சரி, வேகமாகவும் உருப்படியாகவும் ஆல்பம் செய்வது எப்படி?

1. தலைப்பைச் சுருக்குங்கள். "எங்கள் மாவட்டம்" என்றால் எங்கே ஆரம்பிப்பது, எங்கே முடிப்பது? "தோத்தாபுரி மாம்பழம்" என்று வையுங்கள். இங்கே விளைகிற பழத்துக்குப் பெங்களூரா என்று ஒரு பெயர், கிளிமூக்கு என்று இன்னொரு பெயர். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பாட்டிக்கு மாங்காய் மாமிடி, எதிர்வீட்டுக் கன்னடக்காரருக்கு மாவு. பெயரைக் கேட்டு எழுதினாலே இரண்டு பக்கம் முடிந்தது.

2. முதலில் சேருங்கள். ஒரு பழைய கவர் போதும். மாம்பழப் பெட்டி லேபிள், மண்டிச் சீட்டு, ஜூஸ் பாக்கெட் அட்டை, பேப்பர் நறுக்கு எல்லாம் அதில் போகட்டும். மா இலையைச் செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகத்தை ஏற்றினால் ஒரு வாரத்தில் காய்ந்துவிடும்.

3. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், என்ன சொன்னார். இதைப் பிள்ளை தன் கையெழுத்தில் எழுத வேண்டும். தப்பு இருந்தாலும் பரவாயில்லை.

4. ஒட்டுவது கடைசி வேலை. எல்லாவற்றையும் பரப்பி வரிசை பார்த்த பிறகு, ஓரத்தில் மட்டும் கொஞ்சமாகப் பசை தடவுங்கள். மெஷினில் வருகிற பஸ் டிக்கெட் நாளடைவில் மங்கிவிடும். அதை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுங்கள்.

தினமும் கால் மணி நேரம், பத்து நாள். தேவையில்லாத செலவும் இல்லை, ராத்திரிக் கண்விழிப்பும் இல்லை.

"நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் டீச்சர் இதையெல்லாம் எப்படிப் படிப்பார்?" என்று கேட்கலாம். நாற்பது தாஜ்மஹாலைப் பார்ப்பதைவிட நாற்பது விதமான இரண்டு வரிகளைப் படிப்பது அலுப்பில்லாத வேலை. யார் செய்தது என்பதும் கையெழுத்திலேயே தெரிந்துவிடும்.

"நேரமில்லாத வீட்டில்?" என்பது அடுத்த கேள்வி. நேரமில்லாத வீட்டுக்குத்தான் இது அதிகம் தேவை. பெட்டி ஏற்றுகிற அப்பாவும் பழக்கூழ் ஆலைக்குப் போகிற அம்மாவும் சொல்வதை எழுதினாலே அது ஆல்பம். அவர்களைக் கத்திரிக்கோல் பிடிக்க வைக்காதீர்கள், பேச வையுங்கள்.

கல்லூரியில் படிக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே! தம்பி தங்கைக்கு ஆல்பம் ஒட்டிக் கொடுக்கிற புண்ணியவான்கள் பாதிப் பேர் நீங்கள்தான். அடுத்த தடவை சார்ட் வாங்கக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரு பழைய கவரைக் கையில் கொடுத்து, சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.