இரைச்சலைக் கேளுங்கள், எர்த்தைக் கழற்றாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் பகாவ், ரந்தாவ், லிங்கி பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஒரு வேலை நடக்கும். தூசி படிந்த பழைய ஸ்டீரியோவை அலமாரியிலிருந்து இறக்கித் துடைத்து, பிளக்கைச் செருகுவார்கள். பாட்டு வரும். கூடவே ‘உம்ம்ம்’ என்று ஒரு முனகலும் வரும். “தூக்கிப் போடு, புதுசு வாங்கலாம்” என்பார் ஒருவர். “பிளக்கைத் திறந்து எர்த் ஒயரைக் கழற்றிவிடு, சத்தம் நின்றுவிடும்” என்பார் இன்னொருவர். முன்னவர் சொல்வதால் பணம்தான் போகும். பின்னவர் சொல்வதால் உயிரே போகலாம்.

மாணவர்களே, எதையும் கழற்றுவதற்கு முன் அந்த இரைச்சலைக் காது கொடுத்துக் கேளுங்கள். 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளம் பொறியாளர் செய்ததும் அதுதான். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் வானொலித் தொலைபேசியில் ஏன் இரைச்சல் வருகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. சக்கரம் பூட்டிய சுழலும் ஆண்டெனா ஒன்றைக் கட்டி, கேட்டதையெல்லாம் வகை பிரித்தார். அருகில் இடிக்கும் இடி ஒன்று, தூரத்து இடி ஒன்று, காரணம் புரியாத மெல்லிய சீறல் ஒன்று. அந்தச் சீறல் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை உச்சத்துக்கு வந்தது. விண்மீன்கள் வானில் ஒரு சுற்றுச் சுற்றிவரும் நேரம் அது. சீறல் பால்வீதியிலிருந்து வந்துகொண்டிருந்தது! வானொலி வானியல் பிறந்த கதை இதுதான்.

உங்கள் வீட்டு இரைச்சலையும் அப்படியே வகை பிரிக்கலாம். மின்னல் வெட்டும்போதெல்லாம் ‘படபட’ என்றால் குற்றம் வானத்துடையது. மத்திய அலை வானொலியில் இது அதிகம், பண்பலையில் மிகக் குறைவு. ஒலி கூட்டும் குமிழைத் திருகும்போது மட்டும் ‘கரகர’ என்றால், உள்ளே இருக்கும் கரித்தடத்தில் அழுக்கு. நம் ஊர் ஈரக்காற்றில் இது சகஜம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குமிழை இருபது முப்பது முறை இரு பக்கமும் திருகினாலே பெரும்பாலும் சரியாகும்.

தொல்லை பிடித்தது அந்த ‘உம்ம்ம்’தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருவதன் குரல் அது. ஒலியைக் குறைத்துப் பாருங்கள். முனகல் குறையவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஸ்டீரியோவின் மின்வழங்கிப் பகுதியில். அதைப் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஒலியோடு சேர்ந்து குறைகிறதா? கணினியிலிருந்து வரும் பாட்டு ஒயரைக் கழற்றுங்கள். முனகல் நின்றால் அது எர்த் வளையம்.

கணினிக்கு ஓர் எர்த், ஸ்டீரியோவுக்கு ஓர் எர்த். இரண்டையும் பாட்டு ஒயரின் வெளி உறையும் இணைக்கிறது. ஆக ஒரு மூடிய வளையம் உருவாகிவிட்டது. சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலம் அதில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அது பாட்டோடு கலந்து காதுக்கு வருகிறது. எர்த்தைக் கழற்றினால் வளையம் அறுந்து முனகல் நிற்கும். ஆம், அந்த வித்தை பலிக்கும். பலிப்பதால்தான் ஆளுக்கு ஆள் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

ஆனால் எர்த் பாட்டுக்காக வைத்தது அல்ல. உள்ளே மின்ஒயர் அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், எர்த் வழியே மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் எரியும். எர்த் இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் அமைதியாகக் காத்திருக்கும், வெறுங்காலோடு வந்து தம்பி தொடும்வரை. மூன்று முள் பிளக்கில் எர்த் முள்தான் நீளமானது. முதலில் நுழைவதும் கடைசியில் வெளியேறுவதும் அதுவே. அவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றை ஒரு திருப்புளியால் வீணாக்குகிறோம். (பின்புறம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட கருவிகள் இரட்டைக் காப்பு உள்ளவை. அவற்றுக்கு எர்த் வேண்டியதில்லை. ஆனால் இரண்டு முள் பிளக்கைச் செருகுவதற்காக மேல் துளையில் பேனா குத்தும் பழக்கத்தை நான் ஏற்கவே மாட்டேன்.)

கணினியையும் ஸ்டீரியோவையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகினால் வளையம் சுருங்கும், முனகல் அடங்கும். அடங்காவிட்டால் பாட்டு ஒயரின் நடுவே மாட்டும் சிறு மின்மாற்றிப் பெட்டி மின்சாமான் கடையில் கிடைக்கும். அதில் இசை காந்தப்புலம் வழியாகத் தாண்டும். ஒயருக்கு ஒயர் தொடர்பே இல்லை. எதுவும் வாங்க வசதியில்லையா? சார்ஜரைக் கழற்றிய கைப்பேசியிலிருந்து பாட்டைப் போடுங்கள். அதற்கு எர்த்தே கிடையாது, வளையம் எங்கிருந்து வரும்?

பழைய லயத்து வீடுகளில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுவரில் மூன்று துளை இருப்பதால் மட்டும் பின்னால் எர்த் ஒயர் இருக்கிறது என்று நம்ப முடியாது. ஸ்டீரியோவின் உலோகத்தைத் தொட்டால் விரலில் ‘சுர்’ரென்று ஏறுகிறதா? அன்றைக்குப் பாட்டு வேண்டாம். மெயின் சுவிட்ச் பெட்டியில் ‘டி’ என்று குறித்த சோதனைப் பொத்தான் இருக்கும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு அதை அழுத்துங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கப்படாவிட்டால் தீபாவளி வரை காத்திருக்காமல் பதிவு பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.