கைகுலுக்கக் கற்றால் போதுமா?

பொழுது புலருமுன் ஒருநாள் பள்ளிகொண்டாவுக்கு வந்து பாருங்கள், அன்பு வாசகரே! பாலாற்றங்கரையிலே உத்திர ரங்கநாதர் கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. ஆண்டவன் அங்கே பள்ளி கொண்டிருக்கலாம். ஊர் மக்களுக்கு உறக்கம் ஏது? சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்திலே, கையில் சோற்றுத் தூக்கும் தோளில் ஒரு பையுமாகப் பெண்கள் நிற்பார்கள். கம்பெனி பஸ் வரும், ஏறுவார்கள், ஆம்பூர்ப் பக்கம் போவார்கள். 'ஷூ கம்பெனி' என்று நம் மக்கள் வழங்கும் அந்தத் தொழிற்சாலைகளிலே மாலை வரை வெட்டியும் தைத்தும் ஒட்டியும் அவர்கள் உருவாக்குகிற காலணிகள் கடல் கடந்து செல்லும். ஜெர்மானியன் காலிலும் ஆங்கிலேயன் காலிலும் இத்தாலியன் காலிலும் ஏறும்.

காலணி கடல் கடக்கிறது என்றால், அதற்கு முன் கடிதம் கடல் கடக்க வேண்டும். பேச்சு கடல் கடக்க வேண்டும். ஆகவேதான் இன்று வேலைக்கு ஆள் தேடுவோர் பட்டத்தை மட்டும் கேட்பதில்லை. "பிற நாட்டார், பிற மொழியார், பிற பழக்கத்தார் ஆகியோரோடு மனங்கோணாமல் பணியாற்றத் தெரியுமா?" என்றும் கேட்கிறார்கள். வெளிநாட்டு வணிகரோடு பேசும் அலுவலருக்கு அந்தத் திறன் வேண்டும். மருத்துவமனைச் செவிலியருக்கு வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு வேண்டும். தொழிலாளர் நல அலுவலருக்கு வேண்டும். பண்பாட்டறிவு என்பது இன்று சோறு போடும் கல்வியாகிவிட்டது.

நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. யாருடைய பண்பாட்டை அறியச் சொல்கிறார்கள்? சரக்கு வாங்க வருபவனுடைய பண்பாட்டை மட்டுமா? சரக்கைச் செய்து தருபவளுடைய பண்பாட்டையும் சேர்த்தா?

இந்தக் கேள்வி வேலூர்ச் சீமைக்குப் புதியதன்று. வேலூர்க் கோட்டை இதற்கு இரத்தத்தால் விடை எழுதியிருக்கிறது.

1805ஆம் ஆண்டின் இறுதியிலே சென்னை இராணுவத்தின் சிப்பாய்களுக்குப் புது உடை விதி வந்தது. நெற்றியிலே சமயக் குறி கூடாது. காதிலே கடுக்கன் கூடாது. தாடி கூடாது. பழைய தலைப்பாகை போய்ப் புதுத் தொப்பி வர வேண்டும்; அதிலே தோலால் செய்த ஒரு குஞ்சம் இருக்க வேண்டும். உத்தரவு போட்டவர்களுக்கு அது வெறும் ஒழுங்கு. அணிய வேண்டியவர்களுக்கோ அது மானக்கேடு. அது பசுத் தோலோ என்று இந்துச் சிப்பாய் கலங்கினான். பன்றித் தோலோ என்று இஸ்லாமியச் சிப்பாய் பதைத்தான். மறுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? விளக்கமா? இல்லை, கசையடி!

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன்னே கோட்டை வெடித்தது. வெள்ளையர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து, சிப்பாய்களை நூற்றுக்கணக்கிலே கொன்று, அன்றைக்கே கிளர்ச்சியை ஒடுக்கினான். திப்புவின் மக்கள் அந்தக் கோட்டையிலேதான் காவலில் இருந்தார்கள். அன்னிய ஆட்சியின் மீது வெறுப்பும் கனன்று கொண்டிருந்தது. காரணங்கள் பல உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெடிமருந்துக்கு நெருப்பு வைத்தது அந்தத் தொப்பி. பின்னர் விதி விலக்கிக்கொள்ளப்பட்டது. படைத் தலைவர் கிரேடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் 1807இல் திருப்பி அழைக்கப்பட்டனர். யாருக்கு உத்தரவு போடுகிறோமோ அவர்களை அறியாமல் உத்தரவு போட்டதற்கு வரலாறு விதித்த தண்டம் அது.

அதே சீமையிலே இன்னொரு காட்சியும் உண்டு. இராணிப்பேட்டையிலே 1870இல் பிறந்தவர் ஐடா ஸ்கட்டர் அம்மையார். அமெரிக்க மருத்துவக் குடும்பத்துப் பெண். இளமைப் பருவத்திலே திண்டிவனத்தில் தந்தையாரோடு தங்கியிருந்தபோது, ஒரே இரவிலே மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையிலே துடித்துக் கொண்டிருந்தார்கள். தந்தையார் மருத்துவர், வருகிறேன் என்றார். ஆடவர் வந்து பார்ப்பதை எங்கள் வழக்கம் ஒப்பாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இரவு ஐடாவைத் தூங்கவிடவில்லை. "மூடர்கள்! செத்தால் சாகட்டும்" என்று அவர் சொல்லிப் போயிருக்கலாம். சொல்லவில்லை. அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரிலே ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1909இல் செவிலியர் பள்ளியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. இன்று வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் நோயாளிகள் வேலூர் தேடி வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களிலே வங்காளி எழுத்தில் பெயர்ப்பலகை தொங்குகிறது. நோயாளியின் மொழியைப் புரிந்துகொண்டு டாக்டரிடம் சொல்வதே சிலருக்குப் பிழைப்பாகியிருக்கிறது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து கவனியுங்கள். ஐடா அம்மையார் அந்த வழக்கத்தை அறிந்தார். ஆனால் அதற்கு அடிபணியவில்லை. நம் மண்ணின் பெண்களையே மருத்துவராக்கி, அந்த வழக்கம் கேட்ட உயிர்ப்பலியை நிறுத்த வழி கண்டார். பண்பாட்டை அறிவது வேறு. பாகுபாட்டுக்குப் பணிவது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால், நாளை ஒருவர் சாதிக் கொடுமையையும் "அது எங்கள் பண்பாடு" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை, நாமும் தரலாகாது.

இனித் தோல் தொழிலுக்கு வருவோம். ஆவாரம்பட்டையிலே பதப்படுத்திய தோலைக் கட்டுக்கட்டாகக் கப்பலேற்றிய காலம் ஒன்று இருந்தது. 1973இல் மைய அரசு, அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. காலணித் தொழிற்சாலைகள் பெருகின. பெண்கள் ஆயிரக்கணக்கிலே வேலைக்கு வந்தார்கள். வாங்குவோன் கண் இப்போது தோலின் தரத்தோடு நிற்கவில்லை. தையலைப் பார்த்தது, சாயத்தைப் பார்த்தது. 1989இல் ஜெர்மனி, தோலில் பூசணம் பிடிக்காதிருக்கச் சேர்த்து வந்த பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. அடுத்த சில ஆண்டுகளிலே சிலவகைச் சாயங்களையும் தடுத்தது. அடையாற்றிலே 1948 முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளுக்குத் துணை நின்றது.

ஜெர்மானியன் ஏன் அஞ்சுகிறான் என்பதை முதலாளிக்குச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. முதலாளி ஏன் மருந்தை மாற்றச் சொல்கிறார் என்பதை டிரம்முக்கு அருகே ஈரத்தில் நிற்கும் தொழிலாளிக்குச் சொல்லவும் ஒருவர் வேண்டியிருந்தது. முதல் வேலையைச் செய்தவர் 'அலுவலர்' ஆனார். அவருக்கு மேசை கிடைத்தது, மோட்டார் கிடைத்தது. இரண்டாவது வேலையைச் செய்த மேஸ்திரிக்கு என்ன கிடைத்தது? அது திறமை என்றே எவரும் எண்ணவில்லையே!

அங்கேதான் நம் வழக்கு இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் வருகிறார் என்றால் எத்தனை முன்னேற்பாடு! அவர் எந்த உணவை உண்பார், எதை ஒதுக்குவார், நேரம் தவறினால் எப்படிச் சினப்பார், கையை எவ்வளவு அழுத்திக் குலுக்க வேண்டும் என்றெல்லாம் பாடம் நடக்கிறது. அதே அலுவலர் தையல் வரிசைக்குத் திரும்பியதும் குரல் மாறுகிறது. ஆங்கிலத்திலே முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழிலே 'நீ' உண்டு, 'நீங்கள்' உண்டு. 'வா' உண்டு, 'வாங்க' உண்டு. தம் தாயின் வயதுடைய பெண்ணை 'ஏய், இங்கே வா' என்று அழைப்பவர், எத்தனை நாட்டு நாகரிகத்தைக் கற்றிருந்தால் என்ன? 'அம்மா' என்றும் 'அக்கா' என்றும் அழைக்க அன்னிய நாட்டுக்குப் போய்ப் பயிற்சி பெற வேண்டுமா?

உண்மையைச் சொன்னால், இந்தத் திறன் மிகுந்திருப்பது அந்தத் தையல் வரிசையிலேதான். பெரும்பாலும் இஸ்லாமிய வணிகரின் முதலும், பெரும்பாலும் ஆதிதிராவிட மக்களின் உழைப்பும் சேர்ந்து வளர்ந்த தொழில் இது. 'தோலைத் தொட்டால் தீட்டு' என்று ஊர் ஒதுங்கியபோது, தொட்டுத் தூக்கி நிறுத்தியவர்கள் இவர்கள். பள்ளிகொண்டாவிலிருந்து பஸ் ஏறும் பெண் வீட்டிலே தமிழ் பேசுகிறாள். கம்பெனியிலே காதில் விழும் உருதுவைப் புரிந்துகொள்கிறாள். பக்கத்து இருக்கைத் தோழிக்கு ரமலான் நோன்பு என்றால், தன் தூக்கை ஒதுக்கமாக எடுத்துப்போய் உண்கிறாள். பெருநாள் கழிந்ததும் அந்தத் தோழி வீட்டுப் பிரியாணிக்கு இவள் விருந்தாளி. வடக்கேயிருந்து புதிதாக வந்த பையனுக்குச் சைகையாலும் சிரிப்பாலும் வேலை கற்றுத் தருகிறாள். எந்தக் கல்லூரி இவளுக்கு இதைக் கற்பித்தது? எந்தச் சான்றிதழ் இதைக் குறித்தது? எந்தச் சம்பளப் பட்டியல் இதற்கு ஒரு காசு சேர்த்தது?

"வாணிபம் வேறு, வாஞ்சை வேறு, ஆர்டர் குறித்த நாளில் போகாவிட்டால் கம்பெனி மூடப்படும்" என்பார் சிலர். அவர் அச்சம் பொய்யன்று. போட்டி கடுமையானது, ஆர்டர் தவறினால் முதலில் வேலையிழப்பவர் தொழிலாளியே. ஆனால் இழிசொல் ஒரு ஜோடி செருப்பையாவது விரைவாகத் தைத்ததுண்டா? மனம் நொந்தவள் மறுநாள் வருவதில்லை. கைதேர்ந்தவள் போனால், அந்த இடத்துக்குப் புதியவளைப் பழக்க நாளாகும். மரியாதை செலவன்று, வாசகரே, முதலீடு!

மரியாதை குன்றும் இடத்தில் என்ன நேரும் என்பதையும் தமிழகம் கண்டிருக்கிறது. திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்த தலித் பெண் ஒருவர் 2021 தொடக்கத்திலே கொலையுண்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அவருடைய மேற்பார்வையாளரே. நாடு அதிர்ந்தது. தலித் பெண்களின் தலைமையிலான தொழிலாளர் சங்கம் போராடியது. 2022 ஏப்ரலிலே அந்த ஆடை நிறுவனத்தோடும் பன்னாட்டு வணிக நிறுவனத்தோடும் உடன்படிக்கை ஏற்பட்டது. பாலினத்தாலும் சாதியாலும் வரும் கொடுமையைத் தடுப்பது அதன் நோக்கம். அதன்படி, தொழிலாளப் பெண்களிலிருந்தே சிலர் பயிற்சி பெற்றுத் தளக் கண்காணிப்பாளர் ஆனார்கள். வரிசையிலே இருப்பவளின் மொழியும் அச்சமும் மௌனமும் அவர்களுக்குத் தெரியும். ஏனெனில் அது அவர்களுடைய மொழி, அவர்களுடைய மௌனம்!

பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடந்தோறும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்றது. குழுவின் பெயர்ப்பட்டியல் சுவரிலே தொங்கினால் போதுமா? சிற்றூர்ப் பெண் தன் துன்பத்தை நேராகச் சொல்லமாட்டாள். "வேலை பிடிக்கவில்லை" என்பாள். "உடம்புக்கு முடியவில்லை" என்பாள். அந்தச் சொல்லுக்குப் பின்னே இருப்பதைக் கேட்கத் தெரிந்தவரே அந்தக் குழுவிலே உட்காரத் தகுதியுடையவர்.

ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, கணக்கு. பல மொழியாரை இணைத்து வேலை வாங்கத் தெரிந்த மேஸ்திரியின் திறனைத் திறன் என்று எழுதுங்கள். அதற்கு ஊதியம் தாருங்கள். மேற்பார்வையாளர் பதவிக்குத் தையல் வரிசையிலே பத்தாண்டு உழைத்த பெண்ணையும் எண்ணிப் பாருங்கள். அலுவலருக்குப் பண்பாட்டுப் பாடம் நடத்துகிறீர்களா? அதிலே முதல் பாடம் பாலாற்றங்கரையைப் பற்றியதாகவும், இரண்டாவது பாடம் பெர்லினைப் பற்றியதாகவும் இருக்கட்டும். நம் கல்லூரி மாணவருக்கும் ஒரு சொல்: பிற நாட்டு மொழி கற்க முனையுங்கள், நல்ல வேலை காத்திருக்கிறது, ஆனால் பக்கத்துத் தெருவின் மொழியை மறந்து அதைக் கற்காதீர்கள்.

மாலையிலே மீண்டும் ஒருமுறை பள்ளிகொண்டா நெடுஞ்சாலைக்கு வாருங்கள், வாசகரே. விளக்கு வைக்கும் நேரத்திலே கம்பெனி பஸ் வந்து நிற்கும். பசையின் வாடை விரலிலே ஒட்டியிருக்க, வெறும் தூக்கோடு அந்தப் பெண்கள் இறங்குவார்கள். அன்றைக்குக் கம்பெனியிலே யாராவது அவர்களைப் பெயர் சொல்லி, 'வாங்க' என்று அழைத்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதில்தான், நம் தொழில் உலகம் கற்றிருக்கும் பண்பாட்டின் அளவு!