சடை மெலிகிறதா? எண்ணெய்க்கு முன் ரத்தத்தைப் பாருங்கள்!

வீட்டு வைத்தியம்: கேள்வி – பதில்

‘‘காபித் தோட்டத்தில் பழம் பறிக்கும் வேலை செய்கிறேன். வயது 36. ஒரு வருடமாகச் சீப்பில் கொத்துக்கொத்தாக முடி வருகிறது. சடை பாதியாகிவிட்டது. வழியோரக் கடையில் மூலிகை எண்ணெய் மூன்று பாட்டில் வாங்கித் தேய்த்தும் பயனில்லை. செலவில்லாமல் வீட்டிலேயே செய்துகொள்ள வழி இருக்கிறதா? முன்புபோல மேடு ஏறவும் முடியவில்லை, மூச்சு வாங்குகிறது. வயதாகிறது போலிருக்கிறது.’’

– ஒரு வாசகி, தலைச்சோலை, ஏற்காடு.

வாசகியின் கேள்வி முடியைப் பற்றியது. ஆனால், முதலில் கவனிக்க வேண்டியது கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள். 36 வயது, மேடு ஏறினால் மூச்சு வாங்கும் வயதல்ல. அதுவும் மலையிலேயே பிறந்து வளர்ந்து, தினமும் சரிவில் ஏறி இறங்கிப் பழகிய உடம்புக்கு அது வரக்கூடாது. முடி கொட்டுவதும் மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தசோகையை.

இது அரிதான நோயல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, இரண்டு பேரில் ஒருவருக்கு.

நிலக்கடலையில் இளம் இலைகள் வெளுத்து மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை என்று விவசாயிக்குத் தெரியும். அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பார். உடம்பிலும் நடப்பது ஏறக்குறைய அதுதான். முடியின் வேரில் இருக்கும் செல்கள் வேகமாகப் பெருகுபவை. இரும்பும் புரதமும் குறைந்தால், நிறைய முடிகள் ஒரே நேரத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். சுமார் 3 மாதம் கழித்து அவை உதிரும். ஆகவே, இன்று சீப்பில் வருவது 3 மாதத்துக்கு முன் உடம்பு இருந்த நிலையைக் காட்டுகிறது. டைபாய்டு, டெங்கு போன்ற காய்ச்சலுக்குப் பிறகும், பிரசவத்துக்குப் பிறகும் முடி கொட்டுவதற்கு இதுவே காரணம். அவை பெரும்பாலும் 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தாமாகவே சரியாகிவிடும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய அறிகுறிகள்

கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் வெளுத்திருக்கும். நாக்கும் நகமும் வெளிறியிருக்கும். படபடப்பு, தலைசுற்றல், எப்போதும் அசதி இருக்கும். சிலருக்குப் பச்சரிசி, மண், சாம்பல் தின்னத் தோன்றும். இதில் இரண்டு இருந்தாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளலாம். அரசு மருத்துவமனையில் இதற்குக் கட்டணம் கிடையாது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 8 கிராமுக்குக் கீழ் என்றால் தாமதிக்கவே கூடாது. தைராய்டு கோளாறிலும் முடி கொட்டும். அதையும் மருத்துவரிடம் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா என்பதை மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். தோட்டத்தில் செருப்பில்லாமல் நடக்கும் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு வாழும். பாதத்தின் வழியே ஏறி, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். புழு இருக்கும்வரை எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான். குடற்புழு மாத்திரை, ஒரு ஜோடி செருப்பு, கழிப்பறைப் பழக்கம் இந்த மூன்றும் சேர்ந்தால் அது நிற்கும்.

சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். பல மாத்திரைகளில் இருப்பது, பயிருக்குத் தெளிக்கும் அதே ஃபெர்ரஸ் சல்பேட்தான். அதற்காக உரக்கடை அன்னபேதியை யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது, அது நஞ்சாகிவிடும். சித்த மருத்துவத்திலும் ‘பாண்டு’ எனப்படும் இந்த நோய்க்கு முறைப்படி சுத்தி செய்த அன்னபேதிச் செந்தூரம் உண்டு. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடாமல், எதைச் சாப்பிடுவது என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியான பிறகும் சுமார் 3 மாதம் தொடர்ந்தால்தான் உடம்பின் சேமிப்பு நிறையும்.

சாப்பாடும் காபியும்

ஏற்காட்டில் காபி இல்லாத வீடு இருக்காது. காபியை விடத் தேவையில்லை, குடிக்கும் நேரத்தை மாற்றினால் போதும். 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை காபி குடித்தபோது உடம்பு எடுத்துக்கொண்ட இரும்புச்சத்து 39 சதவிகிதம் குறைந்தது. டீயில் 64 சதவிகிதம் குறைந்தது. சாப்பிட்ட 1 மணி நேரம் கழித்துக் குடித்தாலும் காபியின் தடை குறையவில்லை. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னால் குடித்தபோது பாதிப்பில்லை. ஆகவே, விடிந்ததும் காபி, அதற்கு 1 மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரையைக் காபி, டீ, பாலோடு விழுங்கக் கூடாது.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு, மொச்சை, முட்டை அடிக்கடி சேர்க்கலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் விரைவில் பலன் தரும். கீரை, பயறுகளில் உள்ள இரும்பை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. கூடவே கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை, கமலா ஆரஞ்சு இதில் ஒன்று இருந்தால் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். நெல்லியும் கொய்யாவும் ஏற்காட்டுக்குத் தூரத்துப் பொருளல்ல.

எண்ணெய் எதற்கு?

எண்ணெய் வீணல்ல, அதன் வேலை வேறு. மாரிகோ நிறுவன ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், குளிக்கும் முன் தேய்த்த தேங்காய் எண்ணெய் முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தத் திறன் இல்லை. அதாவது, இருக்கும் முடி உடையாமல் காக்கும். வேரில் புது முடி முளைக்க உள்ளே சத்து வேண்டும்.

வீட்டில் காய்ச்ச: தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், கரிசலாங்கண்ணிச் சாறு கால் லிட்டர், கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி, செம்பருத்திப் பூ 10, வெந்தயம் ஒரு ஸ்பூன். சிறு தீயில் காய்ச்சி, சடசடப்பு அடங்கியதும் இறக்கி வடிகட்டுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மலைக் குளிரில் எண்ணெய் உறைந்தால், பாட்டிலை வெந்நீரில் வைத்தால் போதும். வாரம் இருமுறை தேய்த்து, 1 மணி நேரம் ஊறவைத்து, அரப்பும் வடிகஞ்சியும் கலந்து அலசலாம். அரப்பு கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொடுகு உள்ளவர்கள் எண்ணெயைத் தலையில் ஊறவிட்டால் பொடுகு கூடும். ஈரத் தலையை வாரி இறுக்கிப் பின்னுவதும் முடியை உடைக்கும். பனிமூட்ட நாளில் காய நேரமாகும், காயும்வரை தளர்வாக விடுங்கள்.

‘முடி வளரும்’ என்று உறுதி சொல்லி விற்கும் பாட்டில்களைப் பற்றி ஒன்று. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை, எந்த மருந்தும் குணமாக்குவதாகச் சொல்லக் கூடாத கோளாறுகளைப் பட்டியலிடுகிறது. வழுக்கையும் புது முடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. நான்காவது பாட்டிலுக்கு எடுத்துவைத்த பணத்தில் முட்டை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு மாதத்தில் முடி சுமார் 1 செ.மீ. வளரும். சிகிச்சை தொடங்கி 3 முதல் 6 மாதத்தில் உதிர்வது குறையும். சடை பழையபடி வர ஓரிரு வருடமாகும். மூச்சு வாங்குவது அதற்கு வெகு முன்பே குறைந்துவிடும். 6 மாதத்திலும் முடி உதிர்வது நிற்காவிட்டால், அல்லது வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனால், அது பரம்பரை வகையாக இருக்கலாம். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் மருத்துவரைப் பார்க்கலாம்.

‘‘மகனுக்குத் தலையில் ஒரு ரூபாய் அளவுக்குப் புழுவெட்டு. சின்ன வெங்காயம் தேய்த்தால் சரியாகுமா?’’

– ஒரு வாசகர், வாழப்பாடி.

புழுவெட்டில் எந்தப் புழுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. 2002-ல் வெளியான பாக்தாத் ஆய்வில், வெங்காயச் சாற்றைத் தினம் இருவேளை தடவிய 23 பேரில் 20 பேருக்கு 6 வாரத்தில் முடி முளைத்தது. வெறும் தண்ணீர் தடவியவர்களில் மிகச் சிலருக்கே முளைத்தது. சிறிய ஆய்வுதான், என்றாலும் பாட்டி வைத்தியத்துக்கு ஆதாரம் இருக்கிறது. எரிச்சல், கொப்புளம் வந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த இடம் வழவழப்பாக இல்லாமல் செதில், அரிப்பு, ஒடிந்த முடியோடு இருந்தால் அது படர்தாமரை. அதற்கு வெங்காயம் உதவாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். வீட்டில் மற்றக் குழந்தைகளுக்கும் ஒட்டும்.

‘‘ரோஸ்மேரி எண்ணெய் முடியை வளர்க்கும் என்கிறார்களே, உண்மையா?’’

– ஒரு வாசகி, கோத்தகிரி.

2015-ல் வெளியான ஈரான் ஆய்வில், பரம்பரை முடி உதிர்வு உள்ள 100 பேரில் பாதிப் பேருக்கு ரோஸ்மேரி எண்ணெயும், மீதிப் பேருக்கு 2 சதவிகித மினாக்ஸிடில் மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 3 மாதத்தில் இரண்டிலும் மாற்றமில்லை. 6 மாதத்தில் இரண்டு தரப்பிலும் முடி ஓரளவு கூடியது. ஆகவே, பொறுமை இருந்தால் முயன்று பார்க்கலாம். வடித்தெடுத்த எண்ணெயை நேரடியாகத் தடவக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 5 அல்லது 6 சொட்டு போதும். முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் பயன்படுத்துங்கள். கர்ப்பிணிகள் தவிர்க்கவும்.