காணி உறுதிக்கா கல்வி?

புதுக்கடைக்கு மக்கள் வழக்குப் பேச வருவர். காணிப் பிணக்குத் தீர்க்க வருவர். ஐந்து வயதுப் பாலகனைப் பள்ளியிற் சேர்க்கவும் புதுக்கடைப் படி ஏறவேண்டிய நிலைக்கு இந்நாட்டின் கல்விக் கொள்கை நம்மைக் கொணர்ந்து விட்டது. முதலாந் தர அனுமதிக்கான சுற்றறிக்கை வெளிவந்ததும், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாடகை வீடுகளில் வாழும் பெற்றோர் நொத்தாரிசுமாரின் வாசலில் நிற்கின்றனர். வாடகை ஒப்பந்தம், சத்தியக் கடதாசி, வாக்காளர் இடாப்புப் பிரதி, மின்சாரப் பட்டியல் ஆகிய இவையே நம் பிள்ளைகளின் முதற் பாடப் புத்தகங்கள்!

சுற்றறிக்கைகள் வகுத்துள்ள பங்கீடு யாது? நூற்றுக்கு 50 இடங்கள் பாடசாலைக்கு அண்மையில் வசிப்போருக்கு. 25 பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு. 15 அங்கு பயில்வோரின் உடன்பிறந்தாருக்கு. எஞ்சிய 10 கல்வித் துறை ஊழியர், இடமாற்றம் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து மீண்டோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு. அண்மை என்பதும் தூரத்தை மாத்திரம் குறிப்பதன்று. சொந்த உறுதி உடையவனுக்குக் கூடிய புள்ளி. வாடகைக்கு இருப்பவனுக்குக் குறைந்த புள்ளி. பிள்ளையின் தலைவிதியைத் தகப்பனின் காணி எழுதுகிறது!

தந்தை பயின்ற பள்ளியில் மைந்தனுக்கு இடம் என்பது பிறப்புரிமையன்றி வேறென்ன? பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என மேடைதோறும் முழங்குவோர், நான்கில் ஒரு பங்கைப் பிறப்பினாலேயே பங்கிடுவது எந்த நீதி எனக் கேட்கிறோம். மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளியும், போரினால் வீடிழந்து தலைநகர் வந்த குடும்பமும் கொழும்பில் எந்தப் பள்ளியின் பழைய மாணவர்?

தூரத்தை அளவுகோலாக வையாவிடின் செல்வாக்கும் கையூட்டும் ஆட்சி செய்யுமென்பர் சிலர். அதனை நாம் மறுக்கவில்லை. அருகிலுள்ள பாடசாலைக்கே பிள்ளை செல்க என்பது நல்ல விதிதான். ஆயின், அருகிலுள்ள பாடசாலை நல்ல பாடசாலையாயிருந்தால் ஒழிய அவ்விதி நீதியாகாது.

இந்த உண்மையை அன்றே உணர்ந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவர் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளை நகரை நாடி அலையாதிருக்கும் பொருட்டு, மத்திய பாடசாலைகளைக் கிராமங்களிலேயே நிறுவச் செய்தார். இன்று நடப்பது அதன் தலைகீழ். 10,000க்கு மேற்பட்ட அரசாங்கப் பாடசாலைகளுள் ஏறக்குறைய 400 மாத்திரமே மத்திய அமைச்சின் கீழுள்ள தேசிய பாடசாலைகள். நாடு முழுவதும் அவற்றின் வாயிலையே நோக்கி நிற்கிறது.

இது கொழும்பார் கவலை என வன்னிக் கமக்காரர் எண்ணற்க! கிராமப் பாடசாலையிலே கணிதம் கற்பிக்க ஆசிரியர் இல்லாதபோதுதான் வசதியுள்ளோர் பட்டினத்துக்குப் பெயர்கின்றனர். அவர்கள் பெயர, மாணவர் தொகை குறைகிறது. தொகை குறைய, மூடிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. 50 மாணவருக்கும் குறைந்த பாடசாலைகள் இன்று ஆயிரத்துக்கு மேல். நகரத்தில் நெரிசலும் கிராமத்தில் வெறுமையும் ஒரே நோயின் இரு குறிகள்.

5 முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம் எனச் சட்டம் பெற்றோரைப் பணிக்கிறது. அரசாங்கத்துக்குக் கட்டாயம் இல்லையா? மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்குச் செலவிடவேண்டுமென 2015இல் இஞ்சியோனில் உலக நாடுகள் பிரகடனஞ் செய்தன. இலங்கையோ பல ஆண்டுகளாக 2 வீதத்தை ஒட்டியே நிற்கிறது.

அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவம் பேசுகிறது. அது மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றம் செல்லலாம் என்கிறது 126ஆம் உறுப்புரை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாத தாய் எங்கே செல்வாள்?

ஆதலின் நாம் வற்புறுத்துவன மூன்று: வாடகைக் குடியினரையும் உறுதியுடையோரையும் ஒரே தட்டில் நிறுத்துக, பழைய மாணவர் பங்கை நீக்குக, ஒவ்வொரு கிராமப் பாடசாலைக்கும் கணித, விஞ்ஞான ஆசிரியரை முதலில் அனுப்புக. சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, கமக்காரர்களே! இதனைக் கேட்கவேண்டிய கடமை நம் எல்லோருக்கும் உண்டு. பிள்ளையின் கையில் ஏட்டைக் கொடுங்கள், உறுதியைக் கேளாதீர்கள்!