கேரளாவுக்குக் கப்பு வாங்கித் தந்த தஞ்சாவூர்க்காரர்! நமக்கு எப்போ?

திட்டக்குடி: ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாக கோல் போட்டது எப்போது? 1960-ல்! போட்டவர் யார்? வங்காளி அல்ல. கோவாக்காரரும் அல்ல. தஞ்சாவூர்க்காரர்! பெயர் சைமன் சுந்தரராஜ்.

திட்டக்குடியில் பஸ் ஏறி அரியலூரைத் தாண்டினால் தஞ்சாவூர். அவ்வளவு பக்கத்து ஊர்க்காரர். ஆனால் அவர் பேரை டீக்கடை பெஞ்சில் சொல்லிப் பாருங்கள். "யாருப்பா அது, பழைய எம்.எல்.ஏ.வா?" என்று கேட்பார்கள். மெஸ்ஸியைத் தெரியும், ரொனால்டோவைத் தெரியும். சுந்தரராஜைத் தெரியாது.

ரோமில் போட்ட கோல்!

1960-ல் ரோம் ஒலிம்பிக். இந்தியா மாட்டிக்கொண்ட பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. மூணும் லேசுப்பட்ட டீம் அல்ல. ஹங்கேரியிடம் 2-1 என்று நூலிழையில் தோற்றோம். பிரான்சை 1-1 என்று மடக்கினோம். கடைசி ஆட்டம் பெருவுடன். அவர்கள் 3 கோல் போட்டுவிட்டார்கள். ஆட்டம் முடியப் போகிற நேரம். அப்போதும் சும்மா விடாமல் ஒரு கோலைத் திருப்பிப் போட்டார் சுந்தரராஜ்.

அதுதான் கடைசி! அதற்குப் பிறகு இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக் பக்கமே போகவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது.

கப்பு போன கதை!

ஆடி முடித்தவர் வீட்டில் உட்காரவில்லை. பயிற்சியாளர் ஆனார். அவரைக் கூப்பிட்டது யார்? கேரளா!

1973 டிசம்பர். எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானம். சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே ரயில்வே டீம். கேரள கேப்டன் மணி ஒத்தை ஆளாக மூணு கோல் போட்டார். 3-2 என்று ஜெயிச்சாச்சு! மறுநாள் மாநிலம் பூரா அரசு விடுமுறை. கேரளாவுக்கு அதுதான் முதல் சந்தோஷ் கோப்பை. அந்த டீமைத் தயார் செய்தவர் நம்ம சுந்தரராஜ்.

முதல் கப்பு வந்த ருசி, கேரளா விடவில்லை. இதுவரை 7 தடவை வாங்கிவிட்டது. தமிழ்நாடு எத்தனை தடவை? ஒரு தடவைகூட இல்லை! 2012-ல்கூட இறுதி ஆட்டம் வரை வந்து சர்வீசஸ் அணியிடம் கோட்டை விட்டது.

ஆள் இல்லையா?

ஆட ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே ரோம் ஒலிம்பிக்கில் கோல் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஐதராபாத்தில் பிறந்த தமிழர். அவர் ஆடியது வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர் டீமில். (நம்ம வெலிங்டன் ஏரி அல்ல, நீலகிரி வெலிங்டன்!) அந்த டீம் 1955, 1958 என இரண்டு தடவை டூரண்ட் கோப்பையைத் தூக்கி வந்தது.

பெண் பிள்ளைகளைப் பாருங்கள். 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரையே 2-1 என்று சாய்த்து தேசியக் கோப்பை வாங்கினார்கள். 2023-ல் மறுபடியும் வாங்கினார்கள். இந்தியாவுக்கே ஆடிய இந்துமதி கதிரேசன் வேறு எந்த ஊரும் இல்லை, நம்ம கடலூர் மாவட்டம்தான். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராக வேலையும் பார்த்துக்கொண்டு பந்தும் ஆடியவர். கடலூரில் பிள்ளைகளைச் சேர்த்து, தினமும் சாயங்காலம் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. அதனால் வந்த வெற்றி அது.

கடலூரில் இருந்தது, திட்டக்குடியில்? இது மாவட்டத்தின் மேற்குக் கோடி. பயிற்சிக்குக் கடலூர் போய் வருவது என்றால் பையனின் ஒரு நாள் பொழுது பஸ்ஸிலேயே போய்விடும். படிப்பை யார் பார்ப்பது? பஸ் காசை யார் கொடுப்பது?

ஸ்பெயின் ஆட்டக்காரர்கள்!

காசு செலவழித்தால் கப்பு வரும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி டீம் 2019-ல் ஐ-லீக் கோப்பையை வாங்கியது. நெஸ்டர், சாண்ட்ரோ, எஸ்லாவா என்று ஸ்பெயின் தேசத்து ஆட்டக்காரர்கள் வந்து கலக்கினார்கள். வெளியூர் ஆளைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை. கேரளாக்காரர்கள் தஞ்சாவூர்க்காரரைக் கூப்பிடவில்லையா? ஆனால் அங்கே 1973-க்குப் பிறகு இன்னும் 6 கப்பு வந்தது. இங்கே ஸ்பெயின்காரர்கள் மூட்டை கட்டினார்கள். கொஞ்ச வருஷத்தில் அந்த டீமும் களத்தில் இல்லை!

ஆடி ஓய்ந்த ஆட்டக்காரரை என்ன செய்கிறோம் என்பதில்தான் கோளாறு. போலீசில், ரயில்வேயில், துறைமுகத்தில் பந்து ஆடி ரிட்டயர் ஆனவர்கள் ஊருக்கு ஊர் இருப்பார்கள். ஒருத்தருக்கு ஒரு சால்வை, ஒரு போட்டோ, அதோடு மறந்துவிடுகிறோம். அவர் காலில் இருக்கிற வித்தை அவரோடேயே போய்விடுகிறது. பள்ளிக்கூடத்திலோ பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்கிறார்!

அதிகாரிகள் கவனிப்பார்களா?

2021-ல் திட்டக்குடி நகராட்சி ஆச்சு. போர்டு மாறியது. மைதான விஷயமும் மாற வேண்டாமா? பெரிய ஸ்டேடியம் யாரும் கேட்கவில்லை. பள்ளி மைதானத்தின் கேட்டு சாயங்காலம் நாலரையில் இருந்து இருட்டும்வரை திறந்திருக்க வேண்டும். ரிட்டயர் ஆன ஆட்டக்காரர் ஒருத்தருக்கு மாசச் சம்பளம் கொடுத்து விசிலைக் கையில் கொடுக்க வேண்டும். மாவட்ட விளையாட்டு அலுவலர் ஆளைத் தேடட்டும். நகராட்சி பந்துக்கும் வலைக்கும் பணம் ஒதுக்கட்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இரண்டு பேருக்கும் இடம் வேண்டும்.

பள்ளி மைதானத்தில் கல்யாணப் பந்தல், கட்சிக் கூட்டம் என்று அனுமதி கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் 'இல்லை' என்று சொல்ல ஒரு அதிகாரி வேண்டும். சொல்லப் போகிறவர் யார்?