ரைட் என்றால் சரி, அப்ப லெஃப்ட் என்றால் பிழையா?

கொஞ்சம் காரமாகத்தான் எழுதப் போகிறேன், ஊரவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை ஆங்கிலப் பாடத்தில் லெஃப்ட், ரைட் படிப்பித்தேன். ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான்: "சேர், ரைட் எண்டா சரி. அப்ப லெஃப்ட் எண்டா பிழையா?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. இடக்கையால் எழுதுகிறவன் அவன். நான் கிட்டப் போனாலே பென்சிலை மற்றக் கைக்கு மாற்றிவிடுவான். யாரோ அடிமட்டத்தால் பழக்கியிருக்கிறார்கள்.

ரைட் என்றால் உரிமை என்றும் பொருள். அதற்காக வலப்பக்கம் நிற்பவனுக்கு மட்டுமா உரிமை? நம் நாட்டு ரோட்டில் லெஃப்ட் பக்கம் ஓடுவதுதான் சரி. ரைட்டில் ஓடிப் பாருங்கள், பொலிஸ் சொல்லித்தரும்.

பழைய ஆங்கிலத்தில் லெஃப்ட் என்ற சொல்லுக்குப் பலவீனம் என்று பொருள். நம் 'வலது' வலிமையிலிருந்து வந்தது. பத்துப் பேரில் ஒன்பது பேர் வலக்கைக்காரர், பெயர் வைத்ததும் அவர்கள்தான். நாம் ஊரில் 'பீச்சங்கை' என்கிறோமே, அதை என்ன சொல்ல! ஆனால் அரபியில் இடதுக்கு 'யஸார்' என்று ஒரு சொல் உண்டு. இலகு என்று பொருள்படும் 'யுஸ்ர்' அதே வேரில் பிறந்தது.

"மார்க்கத்தில் வலக்கை" என்பார்கள். சாப்பிடுவதும் குடிப்பதும் வலக்கையால்தான், அதைப் பிள்ளைக்கு அன்பாகப் பழக்குங்கள். உணவைப் பற்றிய ஹதீஸைப் பென்சில் வரைக்கும் இழுத்து, அடிப்பதற்கு ஆதாரமாக்காதீர்கள். ஒரு வேடிக்கை பாருங்கள்: வலமிருந்து இடம் போகும் அரபு எழுத்தில் கை மையில் படாமல் எழுதுகிறவன் இடக்கைக்காரன்தான். அவனை மத்ரஸாவிலும் அதட்டுகிறோம்.

சமிந்த வாஸ் பந்து வீசியது எந்தக் கையால்? சனத் ஜயசூரிய? 1996இல் உலகக் கிண்ணம் வந்தபோது 'பீச்சங்கை' என்று யாரும் முகம் சுளித்ததாக ஞாபகமில்லை.

வாப்பாமாரே, உம்மாமாரே, எழுதும் கையை விட்டுவிடுங்கள். ஆசிரியர்களே, அப்படிப்பட்ட பிள்ளையை வாங்கின் இடது ஓரத்தில் இருத்துங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிபடாது. கொப்பியின் மேல்பக்கத்தை வலப்பக்கம் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் இடத்தை நான் திங்கட்கிழமையே மாற்றிவிட்டேன்.