பதிவு பண்ணாத கதையும் நம்ம கதைதான்

போன செமஸ்டர் நம்ம இதழ்ல ஒரு குட்டிக் கதை எழுதியிருந்தேன். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து, விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வரும் ஓர் அக்காவின் கதை. ரெண்டு வாரம் கழித்து ஃப்ரெண்ட் ஒரு இன்ஸ்டா லிங்க் அனுப்பினான்: "டேய், இது உன் கதைதானே?" வரிக்கு வரி அதேதான். என் பேர் மட்டும் இல்லை.

கோபத்தில் காப்பிரைட் பதிவு பண்ணிடலாம்னு லேப்டாப்பைத் திறந்தேன். முதல் குழப்பம் பெயரிலேயே. தமிழில் 'காப்புரிமை' என்று தேடினால் பேடன்ட்டும் வருது, காப்பிரைட்டும் வருது. படிவம் 14 முழுக்க ஆங்கிலம். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படித்த நானே "படைப்பு வெளியானதா, வெளியாகாததா?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டேன். இ-இதழில் வந்தால் வெளியானதா? சட்டத்தின் 3-ஆம் பிரிவைத் தேடிப் படித்த பிறகுதான், பொதுமக்கள் படிக்கக் கிடைத்தாலே அது வெளியீடு என்று புரிந்தது.

கட்டணம் 500 ரூபாய். ரெண்டு பக்கக் கதைக்கும் அதே, 500 பக்க நாவலுக்கும் அதே. பணம் கட்டினால் டைரி எண் வரும். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்கணும். அதுக்கப்புறம்தான் ஆய்வாளர் பார்ப்பார். அதுக்குள்ள அந்த ரீல் ஊரையே சுத்தி வந்திடும்!

இவ்வளவு படித்த பிறகுதான் முக்கியமான விஷயம் தெரிந்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி முடித்த நிமிஷமே உரிமை நம்மளோடது. பதிவு கட்டாயமே இல்லை. வாழ்நாள் முழுக்கவும், இறந்த பிறகு 60 வருஷமும் அது நிற்கும். அப்ப பதிவு எதுக்கு? சாட்சிக்கு. 48-ஆம் பிரிவுப்படி, பதிவேட்டில் இருப்பதைக் கோர்ட் முதல்நிலை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும்.

ஆதாரத்தின் மதிப்பு 'சர்கார்' விஷயத்தில் தெரிந்தது. வருண் ராஜேந்திரன் தன் 'செங்கோல்' கதையை 2007-லேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்தார். 2018-ல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், படத்தில் அவர் பெயரைப் போடும் சமரசத்தில் முடிந்தது. கையில் தேதி போட்ட ஒரு பதிவு இருந்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது என்று நினைக்கிறேன்.

எங்க தெருவில் ஓர் அண்ணன் இருக்கார். ஃபேக்டரி வேலை, ராத்திரி கவிதை. நாற்பது கவிதைக்கு மேல் வைத்திருக்கார். தனித்தனியாகப் பதிவு பண்ணினால் 20,000 ரூபாய். ஒரே தொகுப்பாகப் போட்டால் செலவு குறையும்தான், ஆனா அதை அவருக்கு யார் தமிழில் சொல்லுவது? தமிழில் எழுதுறவனுக்குத் தமிழில் ஒரு படிவம், முதல் படைப்புக்குக் குறைந்த கட்டணம். இது ரெண்டும் பெரிய ஆசையா என்ன?

அது வரும்வரை நாமே ஆதாரம் சேர்ப்போம். பழைய டிராஃப்ட்டை அழிக்காதீங்க. எழுதி முடித்ததும் உங்களுக்கே ஒரு மெயில் போட்டுக்கோங்க. நம்ம ஆசிரியர் குழுவுக்கும் ஒரு கோரிக்கை: அடுத்த இதழில் இருந்து ஒவ்வொரு படைப்புக்குக் கீழேயும் பெயரோடு தேதியும் போடுங்க. இந்தக் கட்டுரையிலேயே ஆரம்பிக்கலாம்.